சுழலும் காந்தத்தின் புலமும் சேர்ந்து சுழலுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்காந்தத் தூண்டலைப் படித்த பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். கேட்பவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கீழே வெறுமனே 'காந்தம்' என்று சொன்னால் அது வட்ட வில்லை: ஒரு தட்டை முகம் வடமுனை, மறுமுகம் தென்முனை, சுழற்சி நடு அச்சில். வேறு வடிவம் என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காந்தத்தைச் சுத்தினா புலமும் கூடச் சுத்துமா, சுத்தாதா? ஒரே வரியில சொல்லுங்க.

வட்டக் காந்தம் தன் அச்சில் சுழன்றால் புலத்தில் எதுவும் மாறுவதில்லை. ஆகவே 'சுழல்கிறது' என்று சுட்டிக்காட்ட அங்கே ஒன்றும் இல்லை.

அதுவே ஒரு சட்டக் காந்தத்தை நடுவில் அச்சு வைத்து, இரண்டு முனைகளும் வட்டமடிக்கும்படி சுழற்றினால் கதை வேறு. பக்கத்தில் ஓர் இடத்தில் நின்று பார்த்தால் வடமுனை வரும், போகும், தென்முனை வரும். புலத்தின் வடிவம் காந்தத்தோடு சேர்ந்தே சுழல்கிறது. சைக்கிள் டைனமோவில் நடப்பது இதுதான். இதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் முதல் வகையில்தான்.

புலம் காந்தத்தோட ஒட்டிக்கிட்டுதானே இருக்கு? காந்தத்தை எடுத்துட்டுப் போனா புலமும் போகுதே, அப்போ சுத்தினா மட்டும் ஏன் சுத்தாது?

புலம் என்பது ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு கணத்திலும் ஓர் அளவும் ஒரு திசையும். அவ்வளவுதான். காந்தத்தை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்தினால், இந்த ஓரத்தில் அளவு குறைகிறது, அந்த ஓரத்தில் கூடுகிறது. அதைத்தான் 'புலம் கூடவே போனது' என்கிறோம். பொருள் ஒன்று பெயர்ந்து போனதாக அர்த்தமில்லை, அளவுகள் மாறின என்பதே அர்த்தம்.

வட்டக் குடையை விரித்து, காம்பைத் திருகிச் சுழற்றுங்கள். கீழே விழும் நிழல் சுழல்கிறதா? நிழலின் விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எந்தப் புள்ளியிலும் வெளிச்சம் கூடவுமில்லை குறையவுமில்லை. சுழல்கிறது என்றாலும் இல்லை என்றாலும் தரையைப் பார்த்துச் சரிபார்க்க வழி கிடையாது. வட்டக் காந்தத்தின் புலமும் அப்படித்தான்.

இரும்புத்தூளைத் தூவினா கோடு கோடாத் தெரியுதே. காந்தத்தைச் சுத்தி, கோடு நகருதான்னு பார்த்துட்டா முடிஞ்சுது!

பார்க்கலாம். காந்தத்துக்கு மேலே தொடாமல் ஓர் அட்டையைப் பிடித்து, தூள் தூவி, காந்தத்தைச் சுழற்றினால் தூள் அசையாது. கடையில் வாங்கும் காந்தங்கள் முழுச் சீராகக் காந்தமேற்றப்பட்டவை அல்ல என்பதால் லேசான நடுக்கம் தெரியலாம். அது அந்தக் காந்தத்தின் குறை.

ஆனால் இதனால் எதுவும் முடிந்துவிடாது. தூள் காட்டும் கோடுகள் தூளின் கோடுகள். ஒரு துகள் காந்தமாகி அடுத்த துகளை இழுப்பதால் வரிசை உண்டாகிறது. இன்னொரு முறை தூவினால் வரிசைகள் வேறு இடத்தில் அமையும். நாம் படத்தில் வரையும் விசைக்கோடுகளும் நாம் தேர்ந்தெடுத்து வரைபவையே. பத்துக் கோடு போடலாம், நூறு போடலாம். 'இந்தக் கோடு சற்றுமுன் அங்கே இருந்த அதே கோடுதான்' என்று அடையாளம் சொல்ல இயற்கையில் ஒரு குறியும் இல்லை. குழப்பத்தின் வேரே இங்கேதான் என்பது என் எண்ணம்: வரைவதற்கு வசதியான ஒன்றை, கையால் பிடிக்கக்கூடிய கம்பியாக நினைத்துவிடுகிறோம்.

இதை ஃபாரடேவே செஞ்சு பார்த்துட்டாராமே? என்ன கிடைச்சுது?

ஆமாம். 1831 அக்டோபரில் பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே தாமிரத் தட்டைச் சுழற்றி, அச்சிலும் விளிம்பிலும் தொடுமுனை வைத்து, தொடர்ந்து ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டு இறுதிக்குள் அடுத்த கேள்விக்கு வந்துவிட்டார். உருளைக் காந்தத்தின் முனையில் தாமிரத் தட்டை ஒட்டினார், நடுவே காகிதம் வைத்து. இரண்டும் சேர்ந்தே சுழன்றன. மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் முன்பு நகர்ந்த அதே பக்கம் நகர்ந்தது.

மொத்த விவரம் இதுதான். தட்டு மட்டும் சுழன்றால் மின்னோட்டம் உண்டு. தட்டும் காந்தமும் சேர்ந்து சுழன்றாலும் உண்டு. காந்தம் மட்டும் சுழன்று தட்டு சும்மா இருந்தால் இல்லை. மூன்றிலும் வெளிக்கம்பியும் கால்வனாமீட்டரும் மேசையில் அசையாமல் இருக்கின்றன. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். தட்டே வேண்டாம் என்று காந்தத்தின் உடலையே கடத்தியாக வைத்தும் அவர் செய்தார், அதிலும் மின்னோட்டம் வந்தது. காந்தம் சுழன்றாலும் விசைக்கோடுகள் சுழல்வதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1851இல் விசைக்கோடுகளைப் பற்றி விரிவாக எழுதியபோதும் அதே நிலைதான்.

தட்டும் காந்தமும் ஒண்ணாச் சுத்தும்போது ரெண்டுக்கும் நடுவுல சார்பு வேகமே இல்லையே. அப்புறம் எப்படி மின்சாரம் வரும்?

சார்பு வேகம் தேவைதான். ஆனால் யாருக்கும் யாருக்கும் இடையே? தட்டுக்கும் காந்தத்துக்கும் இடையே அல்ல, தட்டுக்கும் வெளிக்கம்பிக்கும் இடையே. மேலே சொன்ன மூன்று நிலைகளையும் இந்தக் கண்ணால் பாருங்கள். மின்னோட்டம் வந்த இரண்டிலும் தட்டு கம்பியை விட்டு நகர்கிறது. வராத ஒன்றில் தட்டும் கம்பியும் இரண்டும் நிற்கின்றன. காந்தம் என்ன செய்தது என்பதால் முடிவு மாறவே இல்லை.

நடப்பது இதுதான்: தட்டில் இருக்கும் எலெக்ட்ரான்கள் தட்டோடு சேர்ந்து வட்டமடிக்கின்றன. அவை இருக்கும் இடத்தில் காந்தப்புலம் இருக்கிறது. புலத்தில் நகரும் மின்னூட்டத்துக்கு, வேகத்துக்கும் புலத்துக்கும் குறுக்கே ஒரு தள்ளல் கிடைக்கும்; லாரன்ஸ் விசை என்று படித்தது இதுவே. தட்டில் அந்தத் தள்ளல் அச்சிலிருந்து விளிம்பை நோக்கியோ விளிம்பிலிருந்து அச்சை நோக்கியோ அமைகிறது. அந்தப் புலத்தை உண்டாக்கிய காந்தம் சுழல்கிறதா நிற்கிறதா என்று எலெக்ட்ரான் கேட்பதில்லை.

கோடுகள் காந்தத்தோட சுத்துதுன்னு வெச்சுக்கிட்டாலும் கணக்கு சரியா வருதுன்னு ஒருத்தர் சொன்னார். பொய்யா?

பொய்யில்லை. டோல்வர் பிரெஸ்டன் என்ற இயற்பியலாளர் 1885இல் இதைத்தான் வாதிட்டார். கோடுகள் காந்தத்தோடு சுழல்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டும் காந்தமும் சேர்ந்து சுழலும்போது தட்டு எந்தக் கோட்டையும் வெட்டாது. ஆனால் அசையாமல் நிற்கும் வெளிக்கம்பியைச் சுழலும் கோடுகள் வெட்டும்! அங்கே மின்னியக்கு விசை (மின்னோட்டத்தை ஓட்டும் அழுத்தம், வோல்ட்டில் அளப்பது) பிறக்கும், அதே அளவு, சுற்றில் அதே திசை. காந்தம் மட்டும் சுழன்றால், கோடுகள் தட்டையும் வெட்டும் கம்பியையும் வெட்டும். இரண்டும் சுற்றில் எதிரெதிராகி மொத்தம் பூஜ்ஜியம். தட்டு மட்டும் சுழன்றால் கோடுகள் நிற்கின்றன, தட்டு வெட்டுகிறது.

மூன்று விடைகளும் ஃபாரடே பெற்றவையே. இது தற்செயல் அல்ல. காந்தப்புலக் கோடுகளுக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. ஆகவே மூடிய சுற்றின் ஒரு பாதி எத்தனை கோட்டை வெட்டுமோ, மறுபாதியும் அத்தனையை வெட்டியே ஆக வேண்டும். எனவே மூடிய சுற்றை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை முறை சோதித்தாலும் தீர்ப்புக் கிடைக்காது. ஃபாரடே முடிவு செய்த அளவுக்கு அவர் சோதனை முடிவு செய்யவில்லை.

அப்போ வோல்ட்மீட்டரையும் கம்பியையும் தட்டோடயே கட்டி எல்லாத்தையும் சுத்திட்டா?

பூஜ்ஜியம் காட்டும். முந்தைய இரண்டு பதில்களையும் படித்தவர்கள் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். தட்டில் எந்தத் தள்ளல் உண்டோ, அதே தள்ளல் கூடவே சுழலும் கம்பியிலும் உண்டு. சுற்றில் ஒன்றையொன்று அழித்துவிடும். இந்த இயந்திரத்தில் உரசும் தொடுமுனையைத் தவிர்க்க முடியாததற்குக் காரணமும் இதுதான். 'பிரஷ் (அந்தத் தொடுமுனை) இல்லாமல் செய்துகாட்டுகிறேன்' என்று யாராவது வரைபடம் நீட்டினால், சுற்றின் எந்தப் பகுதி எந்தப் பகுதியை விட்டு நகர்கிறது என்று மட்டும் தேடுங்கள்.

காந்தப்பாயம் மாறினாத்தான் மின்சாரம்னு படிச்சோம். இங்க பாயம் மாறவே இல்லையே?

பாயம் என்பது ஒரு பரப்பைக் கடந்து செல்லும் புலத்தின் மொத்த அளவு. அந்த விதி மெல்லிய கம்பிச் சுருளுக்கு அழகாகப் பொருந்தும். அகலமான தட்டில் 'சுற்று' எந்தப் பாதையில் போகிறது என்பதே தெளிவில்லை, அதனால் எந்தப் பரப்பின் பாயம் என்ற கேள்வியும் தொங்குகிறது. தட்டில் ஒரு ஆரக்கோட்டைப் பேனாவால் வரைந்து, தட்டோடு ஒட்டிய அந்தக் கோடு சுழன்று பெருக்கும் பரப்பை எடுத்துக்கொண்டால் விதி சரியான விடையைத் தரும். ஆனால் அது விடை தெரிந்தபின் பரப்பைத் தேடுவது. இங்கே எலெக்ட்ரான் மேல் விசை என்ன என்று கேட்பதே நேர்வழி.

எவ்வளவு வோல்ட் வரும்?

ஏமாற்றமளிக்கும் அளவு. புலத்தின் அளவு, கோணவேகம், ஆரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கிப் பாதியாக்குங்கள். 10 செ.மீ. ஆரத் தட்டு, முழுவதும் 0.5 டெஸ்லா, நிமிடத்துக்கு 3000 சுற்று: ஏறத்தாழ 0.8 வோல்ட். மின்தடை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் பிரமாண்டமாக இருக்கலாம். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆலிஃபன்ட் முன்னின்று கட்டிய இத்தகைய இயந்திரம் 500 மெகாஜூல் ஆற்றலைச் சுழற்சியில் சேமித்து, 10 லட்சம் ஆம்பியருக்கு மேல் துடிப்புகளாகத் தந்தது.

கையால செஞ்சு பார்க்க ஏதாவது இருக்கா?

ஒரு வட்ட நியோடிமியம் காந்தம், தடித்த அலுமினியத் தகடு, நூல் போதும். காந்தத்தைத் தட்டையாக, ஒரு முனை தகட்டைப் பார்க்கும்படி நூலில் தொங்கவிட்டு, தகட்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே நிறுத்தி நூலை முறுக்கிவிடுங்கள். தகடு இருப்பதே தெரியாதது மாதிரிச் சுழலும். பக்கவாட்டில் ஆடினால் மட்டும் ஆட்டம் சட்டென்று அடங்கும். பிறகு அதே காந்தத்தை விளிம்பில் நிற்கும்படி கட்டி, அதே முறுக்கு கொடுங்கள். தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் சுழற்சி மந்தமாகிவிடும். (இந்த நிலையில் அது வடக்கு-தெற்காக நிற்கவும் பார்க்கும், அது பூமியின் கைவரிசை, அலுமினியத்தின் வேலை அல்ல.)

இரண்டாவது நிலையில் தகட்டின் ஒவ்வோர் இடத்திலும் புலம் மாறுகிறது, தகட்டுக்குள் சுழித்தோடும் எடி மின்னோட்டம் பிறக்கிறது, இழுவை வருகிறது. முதல் நிலையில் மாற்றமில்லை, இழுவையும் இல்லை. இதைப் பார்த்துவிட்டுக் 'கோடுகள் சுழலவில்லை என்று நிரூபித்துவிட்டேன்' என்று கிளம்பிவிட வேண்டாம். கோடுகள் சுழல்கின்றன என்பவரும் தகட்டில் மூடிய மின்னோட்டம் ஓடாது என்றே சொல்வார். பிரெஸ்டன் வாதம் இங்கேயும் செல்லும்.

மூடிய சுற்றுதானே பிரச்சினை? சுற்றை மூடாம சோதிச்சா?

சரியான கேள்வி. 1912இல் பார்னெட், கென்னார்டு என்ற இரு இயற்பியலாளர்கள் தனித்தனியே இதைத்தான் கேட்டார்கள். காந்தத்துக்குப் பதிலாக மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள்; அதற்குள்ளே, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள் கொண்ட மின்தேக்கி. மின்தேக்கி அசையாது, சுருள் மட்டும் அச்சில் சுழலும். உள்ளே இருக்கும் உருளைகளை இணைக்கும் கம்பியைச் சுழலும் கோடுகள் வெட்டுமானால், உருளைகளில் மின்னூட்டம் சேர வேண்டும். இணைப்பைத் துண்டித்துவிட்டு அளந்து பார்க்கலாம்.

மின்னூட்டம் சேரவில்லை. கோடுகளைச் சுழலும் கம்பிகளாகக் கற்பனை செய்தவர்களின் கணக்குப் பொய்த்தது. இதையே 'கோடுகள் நிற்கின்றன' என்று படிப்பவர்கள் உண்டு. நான் ஒரு படி குறைத்துச் சொல்வேன்: ஆய்வகத்தில் அசையாமல் இருந்து பார்ப்பவருக்கு, மாறாத காந்தப்புலம் இருக்கும் இடத்தில், காந்தம் சுழல்வதாலேயே சுழல் வகை மின்புலம் (மூடிய பாதையில் மின்னோட்டத்தை ஓட்டக்கூடியது) எதுவும் தோன்றுவதில்லை. அளக்க முடிந்தது இதுதான்.

நான் காந்தம் மேலயே உக்காந்து சுத்துறேன்னு வெச்சுக்கோங்க. சார்பியல்படி காந்தம் நிக்குது, உலகம்தானே சுத்துது? எல்லாம் தலைகீழாகணுமே?

சிறப்புச் சார்பியல் சமமாக நடத்துவது நேர்கோட்டில் சீரான வேகத்தில் போகிறவர்களை. சுழல்கிறவர் அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் வெளியே தள்ளும் விசையை வைத்துத் தான் சுழல்வதைக் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய பார்வையில், மின்காந்தத்தின் அடிப்படையான மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் கூடுதல் உறுப்புகள் சேரும். சேர்த்துக் கணக்கிட்டால் முள் எவ்வளவு நகரும் என்பதற்கு அதே விடை வரும். காந்தம் சுழல்வதும் தட்டு சுழல்வதும் சமமல்ல என்பதில் அதனால் முரண்பாடு இல்லை.

ஐன்ஸ்டைன் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடங்கியதே காந்தமும் கடத்தியும் என்ற விஷயத்தில்தான். மின்னியக்கு விசை எங்கே 'உட்கார்ந்திருக்கிறது' என்று ஒருமுனை இயந்திரங்களைப் (ஃபாரடேயின் தட்டு போன்றவை) பற்றி எழுந்த விவாதத்துக்கு இனிப் பொருளில்லை என்றும் அதே கட்டுரையில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியை யாரும் படிப்பதில்லை போலும், விவாதம் இன்னும் நடக்கிறது.

ஃபெரைட் காந்தம் மின்சாரத்தைக் கடத்தாது. அது சுத்தினா வெளியில மின்புலமே வராதா?

வரும், மிகச் சிறியதாக. காந்தமேறிய பொருள் நகரும்போது அது லேசாக மின்முனைவும் (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம்) அடைகிறது. இது சார்பியலின் நேரடி விளைவு. கடத்தும் நியோடிமியம் காந்தமாக இருந்தால், உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் தள்ளப்பட்டு இடம் மாறி மேற்பரப்பில் மின்னூட்டம் சேரும்.

இரண்டிலும் வெளியே கிடைப்பது மின்னூட்டங்களால் வரும் சாதாரண நிலைமின்புலம். மூடிய பாதையில் ஒரு சுற்று போனால் அதன் மொத்தப் பங்கு பூஜ்ஜியம், ஆகவே ஃபாரடேயின் முள்ளை இது அசைக்காது. 'மின்புலம் வந்துவிட்டது, கோடுகள் சுழல்கின்றன' என்று இதைக் காட்டி வாதிடுவது சரியல்ல.

பேட்டரி, ஸ்க்ரூ, காந்தம் வெச்சு மோட்டார் செஞ்சேன். காந்தமே சுத்துது. எதை உதைச்சுக்கிட்டு சுத்துது?

கம்பியை. மின்னோட்டம் காந்தத்தின் விளிம்பிலிருந்து நடுவுக்கு, அதன் உடல் வழியாகவே பாய்கிறது. அந்த மின்னோட்டத்தின் மேல் விசை. எதிர்விசை வெளிக்கம்பியின் மேல். நம்பாவிட்டால் காந்தத்தைப் பேட்டரியின் அடியில் ஒட்டி, கம்பியை இதய வடிவில் வளைத்து மேலே உட்கார வையுங்கள். இப்போது சுழல்வது கம்பி.

இதிலேயே இன்னொரு சந்தேகமும் தீரும். தட்டோடு காந்தமும் சுழலும் மின்னியற்றியில் இழுவை இருக்காது, செலவில்லாமல் மின்சாரம் எடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நெடுநாளாக உலவுகிறது. காந்தத்தைச் சுழற்றினாலும் புலம் மாறாது என்பதால், தனிக் காந்தத்தின் மேல் அச்சைச் சுற்றித் திருப்புவிசை எதுவும் வராது என்பது உண்மை. ஆனால் மின்னோட்டம் பாயும் தட்டின் மேல் இழுவை வந்தே தீரும். அதற்கு ஈடான எதிர்விசையை அசையாத கம்பியும் தொடுமுனையும் தாங்குகின்றன. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வரும் வாட், நீங்கள் அச்சில் கொடுத்ததிலிருந்து வந்ததே. காந்தத்தைத் தட்டோடு ஒட்டுவதால் கணக்கில் ஒரு காசு மிச்சமில்லை.

பூமியும் ஒரு காந்தம்தானே? அதோட புலம் பூமியோட சுத்துதா?

பூமியின் காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே முதல் கேள்வியில் சொன்ன இரண்டாம் வகையும் கலந்திருக்கிறது: அந்தச் சாய்வு நாளுக்கொரு முறை சுற்றி வருகிறது. வியாழனுக்கும் சுமார் 10 பாகை சாய்வு. அதன் ரேடியோ அலைகள் அந்தச் சாய்வோடு ஏறி இறங்குவதை வைத்தே அதன் நாள் 9 மணி 55 நிமிடம் 29.7 நொடி என்று கண்டுபிடித்தார்கள்.

சனி இந்தப் பக்கத்துக்காகவே படைக்கப்பட்ட கோள். அதன் காந்த அச்சும் சுழற்சி அச்சும் 0.01 பாகைக்குள் ஒன்றாக இருக்கின்றன. புலத்தைப் பார்த்துச் சுழற்சியைக் கண்டுபிடிக்க முடியவில்லை! வாயேஜர் கலங்களின் ரேடியோ அளவீடு 10 மணி 39 நிமிடம் என்றது. பின்னால் சென்ற காசினிக்கு வேறு எண் வந்தது, கோளின் வட, தென் பாதிகளின் எண்கள்கூட ஒத்துப்போகவில்லை. கடைசியில் 2019இல் வளையங்களில் எழும் அலைகளை வைத்து 10 மணி 33 நிமிடம் 38 நொடி என்று கணக்கிட்டார்கள்.

காந்தத்தோட சுத்தினா, ரொம்ப தூரத்துல இருக்கிற புலம் ஒளியைவிட வேகமாப் போகணுமே?

சாய்ந்த காந்தத்துக்கு இது நிஜமான கேள்வி. புலத்தின் மாற்றம் காந்தத்திலிருந்து வெளியே ஒளிவேகத்தில்தான் பரவும். எனவே தூரம் போகப் போக வடிவம் பின்தங்கி, சுருளாக முறுக்கிக்கொண்டு, மின்காந்த அலையாக வெளியேறிவிடும். நண்டு நெபுலாவின் நடுவில் இருக்கும் துடிப்பு விண்மீன் சுமார் 33 மில்லிநொடிக்கு ஒரு முறை சுழல்கிறது. அதனோடு இறுக்கமாகச் சுழலும் எதுவும் அச்சிலிருந்து ஏறத்தாழ 1,600 கி.மீ. தூரத்தில் ஒளிவேகத்தை எட்டிவிடும். அந்த எல்லைக்கு உள்ளேதான் 'கூடச் சுழல்வது' என்ற பேச்சு.

அங்கேயும் உண்மையில் கூடச் சுழல்வது பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு), கோடுகள் அல்ல. வியாழனைச் சுற்றியும் அதே கதை. அதன் நிலா அயோ நொடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது; வியாழனோடு சேர்ந்து சுழலும் பிளாஸ்மா 74 கி.மீ. வேகத்தில் அதைக் கடந்து போகிறது. அந்த வேக வித்தியாசத்தால் அயோவின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 4 லட்சம் வோல்ட். வியாழன் சுழலும் தட்டு, அயோ வெளிக்கம்பி, இரண்டையும் இணைக்கும் தொடுமுனை பிளாஸ்மா.